அறுந்த நரம்புக்குச் செயற்கைப் பாலிமர்: சிக்கல் உண்மையில் எங்கே இருக்கிறது?

பாலிமர் வேதியியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: உடலுக்குள் தானே கரைந்துபோகும் பாலிமர்கள் எத்தனையோ இருக்கும்போது, கையில் நரம்பு அறுபட்டவருக்கு இன்றும் காலிலிருந்து நரம்பை எடுத்து ஒட்டுகிறார்களே, ஏன்? நரம்புச் சீரமைப்புக்காக ஒரு பாலிமரை வடிவமைக்கிறோம் என்றால் உண்மையில் எதை வடிவமைக்கிறோம்?

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அறுந்த நரம்பை வளர்ப்பது உடலே. பாலிமர் அந்த வளர்ச்சிக்கு இடமும் திசையும் கொடுத்துக் காத்துவிட்டு, உரிய நேரத்தில் விலகிக்கொள்ள வேண்டும். ஆகவே இத்துறையில் வேதியியலாளர் தீட்டுவதில் பெரும்பகுதி ஒரு கால அட்டவணை. எத்தனை வாரம் உறுதியாக நிற்க வேண்டும், எப்போது தளர வேண்டும், எப்போது தடயமின்றி மறைய வேண்டும் என்பவற்றை ஒரு மூலக்கூறு சங்கிலியின் அமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. குறுகிய இடைவெளிகளில் இது ஓரளவு கைகூடிவிட்டது. நீண்ட இடைவெளிகளில் இன்னும் கைகூடவில்லை. அதனால்தான் காலிலிருந்து நரம்பை எடுக்கும் வழக்கம் தொடர்கிறது.

முதலில் உடல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு நரம்பு அறுபட்டால், வெட்டுக்குக் கீழே உள்ள ஆக்ஸான்கள், அதாவது நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழைகள், தம் செல்லுடலிலிருந்து துண்டிக்கப்பட்டுச் சிதைந்துபோகின்றன. 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துப் பார்த்து விவரித்த இந்தச் சிதைவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் ஆக்ஸான்களைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை. அவை ஆக்ஸானைச் சுற்றியிருந்த மயலின் என்ற கொழுப்பு உறையை உதறிவிட்டு, பெருகி, நீளவாக்கில் அடுக்கடுக்காக வரிசை கட்டி நின்று, வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. மேல்முனையிலிருந்து முளைக்கும் புதிய ஆக்ஸான்கள் இந்த வரிசைகளைத் தொட்டுவிட்டால் அவற்றைப் பற்றிக்கொண்டே கீழிறங்கும். அந்தப் பயணத்தின் வேகம் மனிதரில் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

இந்த ஒரு எண்ணை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. இருசக்கர வாகன விபத்துகளில் கழுத்தோரத்து நரம்புப் பின்னல் பிய்ந்துபோனவரின் ஆக்ஸான், உள்ளங்கைத் தசையை எட்ட ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தடங்கலே இல்லாவிட்டாலும் 700 நாட்கள் ஆகும். நரம்புத் தொடர்பை இழந்த தசையோ 12 முதல் 18 மாதங்களுக்குள் மீளமுடியாத அளவுக்குச் சுருங்கி நாராகிவிடுகிறது. இந்தக் கணக்கை எந்தப் பாலிமராலும் மாற்ற முடியாது. அறுவை மருத்துவர்கள்தாம் வேறு வழியில் இதைச் சமாளித்தார்கள்: 1994-இல் கிறிஸ்தோஃப் ஒபர்லின், கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும், நன்றாக வேலை செய்யும் அல்னார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் போகும் நரம்போடு, தசைக்கு மிக அருகிலேயே இணைத்தார். தூரத்தையே குறைத்துவிட்ட இத்தகைய உத்தியோடுதான், அறுந்த முனைகளுக்கு நடுவே வைக்க நாம் செய்யும் பாலிமர்க் குழாய்கள் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அறுபட்ட இரு முனைகளையும் இழுக்காமல் சேர்க்க முடிந்தால், நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகத் தைத்துவிடுவதே சிறந்தது. இழுத்துத் தைத்தால் இரத்த ஓட்டம் குறைந்து தையலிடத்தில் தழும்பு தடித்துவிடும். வியன்னாவின் ஹன்னோ மில்லேசி இதை வலியுறுத்தி, இழுவையுடன் தைப்பதைவிட இடைவெளியில் நோயாளியின் சொந்த நரம்புத் துண்டுகளை இழுவையின்றி வைப்பது மேல் என்பதை நிலைநாட்டினார். அதற்காகப் பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பை எடுக்கிறார்கள். பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போவது அதற்கான விலை. எடுத்த துண்டுக்குள் இருந்த ஆக்ஸான்கள் செத்துவிடும். ஆனாலும் ஷ்வான் செல்களும், லாமினின் புரதம் பூசிய ஆயிரக்கணக்கான நுண்குழல்களும் அப்படியே கிடைக்கின்றன. செயற்கைப் பொருள் எட்ட வேண்டிய அளவுகோல் இதுதான். வெற்றுக் குழாய் ஒன்று இதற்கு ஈடாவது எளிதில்லை என்பது இங்கேயே புரிந்துவிடும்.

ஆனாலும் குழாய் என்ற எண்ணம் பழையது. 1880-களிலேயே சுண்ணாம்புச்சத்து நீக்கிய எலும்பைக் குடைந்து குழலாக்கி நாயின் நரம்பு இடைவெளியில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாள்கணக்கில் நமக்குக் காட்டியது 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் கோரான் லுண்ட்போர்கும் சான் டியேகோவின் சில்வியோ வரோன் குழுவும் செய்த சிலிக்கோன் குழாய்ச் சோதனைகள். எலியின் தொடை நரம்பை அறுத்து, இரு முனைகளையும் குழாயின் இரு வாய்களில் செருகித் தைத்து, நடுவில் 10 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டார்கள். முதலில் அந்த வெற்றிடம் முனைகளிலிருந்து கசியும் திரவத்தால் நிறைகிறது. அதில் வளர்ச்சிக் காரணிகளும், இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் புரதமும் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் அந்தத் திரவத்தில் ஃபைப்ரின் இழைகள் திரண்டு, முனைக்கு முனை ஒரு பாலமாகிவிடுகின்றன. அந்தப் பாலத்தின்மேல் இரு பக்கமிருந்தும் ஷ்வான் செல்களும் நார்த்திசுச் செல்களும் இரத்த நாளங்களும் ஊர்ந்து வருகின்றன. அவற்றுக்குப் பின்னால்தான் ஆக்ஸான்கள் வருகின்றன. நான்காம் வார வாக்கில் அவை கீழ்முனையைத் தொட, மேல்முனைப் பக்கத்தில் மயலின் சுற்றுவது தொடங்கிவிடுகிறது.

இப்படி வளர்ந்த நரம்பைக் குழாயைத் திறந்து பார்த்தால், அது உடுக்கை போல இரு முனைகளில் பருத்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். அந்த மெலிவுதான் நம் முழுச் சிக்கலும். இடைவெளியை 15 மில்லிமீட்டராக்கினால், எலியின் வெற்று சிலிக்கோன் குழாயில் பாலம் நடுவில் அறுந்துவிடுகிறது; பாலம் இல்லையென்றால் செல்கள் இல்லை, செல்கள் இல்லையென்றால் ஆக்ஸான்கள் இல்லை. எதனால் குழாய் செய்தாலும் இந்த எல்லை ஏதோ ஓர் இடத்தில் வந்தே தீரும். மனிதரில் வெற்றுக் குழாய்களுக்கு 3 சென்டிமீட்டர் என்ற எல்லையைச் சொல்வது வழக்கம். அது மெல்லிய உணர்வு நரம்புகளுக்குப் பொருந்தும் எண். உணர்வு, அசைவு இரண்டுக்குமான பருத்த கலப்பு நரம்புக்கு அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

லுண்ட்போர்க் பின்னர் நோயாளிகளின் முன்கை நரம்புகளில் சில மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு சிலிக்கோன் குழாயை வைத்து, வழக்கமான தையலோடு ஒப்பிட்டு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. குளிரைத் தாங்க முடியாத தொந்தரவு மட்டும் குழாய் வைத்தவர்களில் குறைவு. ஆனால் சிலிக்கோன் கரையாது. நரம்பு வளர்ந்து பருத்த பின்னும் இறுகிய வளையமாக அங்கேயே இருந்து அழுத்தக்கூடும். சிலருக்கு அதை எடுக்க இன்னோர் அறுவை தேவைப்பட்டது. கரையும் பாலிமருக்கான தேவை இங்கிருந்து வருகிறது.

வேதியியலில் உங்களுக்கு நன்கு பழக்கமான எஸ்டர் பிணைப்பு இனி கதாநாயகன். பாலிகிளைக்காலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம், பாலிகேப்ரோலாக்டோன் ஆகிய மூன்றும் எஸ்டர்களே. மூன்றையும் நீர்தான் வெட்டுகிறது. வேறுபாடு எஸ்டர்களுக்கு நடுவில் இருக்கும் கார்பன் பகுதியில். கிளைக்காலிக்கில் ஒரே ஒரு மெத்திலீன். நீர் எளிதில் அணுகும், ஒரு மாத வாக்கில் உறுதி போய்விடும், சில மாதங்களில் பொருளே போய்விடும். லாக்டிக்கில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி இருப்பதால் நீரை ஒதுக்குகிறது, ஆண்டுக்கணக்கில் நிற்கும். கேப்ரோலாக்டோனில் ஐந்து மெத்திலீன்கள் வரிசையாக இருப்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும். கிளைக்காலிக்கையும் லாக்டிக்கையும் ஒரே சங்கிலியில் சரிபாதியாகக் கலந்தால் ஒன்றிரண்டு மாதங்களில் கரையும் பொருள் கிடைக்கிறது. லாக்டிக்கின் பங்கை 85 சதவீதமாக்கினால் அது ஐந்தாறு மாதங்களாகிறது. கால அட்டவணையை மூலக்கூறில் எழுதுவது என்று மேலே சொன்னதன் எளிய வடிவம் இந்த விகிதம்தான்.

எவ்வளவு காலம் தேவை? 3 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், பாலம் அமைந்து செல்கள் வரும் தொடக்கத் தாமதத்தையும் சேர்த்து, குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் குழாய் நசுங்காமல் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின் தளரலாம். ஓராண்டை ஒட்டி மறைந்துவிட்டால் நல்லது. பாலிகிளைக்காலிக் குழாய் இந்த அட்டவணையில் சற்று முந்திக்கொள்கிறது. இருந்தும் மருத்துவத்தில் முதலில் வென்றது அதுதான். சூசன் மெக்கின்னனும் லீ டெல்லனும் 1990-இல் 15 நோயாளிகளின் விரல் நரம்புகளில், 0.5 முதல் 3 சென்டிமீட்டர் வரையான இடைவெளிகளில் இக்குழாயை வைத்து, 86 சதவீதத்தினருக்குப் பயனுள்ள உணர்வு திரும்பியதாக அறிவித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான, 98 பேரின் 136 விரல் நரம்புகளை உள்ளடக்கிய ஒப்பீட்டுச் சோதனையில், ஒட்டுமொத்தமாகக் குழாயும் வழக்கமான முறையும் சமமாகவே இருந்தன. மிகக் குறுகிய இடைவெளிகளில் குழாய் மேலாகவும் இருந்தது. நேரடியாகத் தைப்பதைவிட சிறிது வெற்றிடம் விட்டுக் குழாய்க்குள் வைப்பது ஆக்ஸான்களுக்குத் தம் வழியைத் தாமே தேட வாய்ப்பளிக்கிறது என்று இதை விளக்குகிறார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான்.

கரைவது என்றால் நல்லபடியாகவே கரையும் என்று எண்ணிவிடக் கூடாது. எஸ்டர் உடையும்போது அமிலம் வெளியாகிறது. தடித்த துண்டின் மேற்பரப்பிலிருந்து அமிலம் கழுவப்பட்டுவிடும். உள்ளே தேங்கிய அமிலமோ மேலும் எஸ்டர்களை உடைக்கும். ஆகவே லாக்டைடால் (லாக்டிக் பாலிமரின் மூலப்பொருள்) ஆன தடித்த பொருள்கள் வெளியே உறுதியாகத் தோன்றும்போதே உள்ளே கூழாகிவிடுகின்றன என்பதை மிஷேல் வேர்ட் குழு 1990 வாக்கில் காட்டியது. படிகத்தன்மை இன்னொரு பொறி. லாக்டைடுக்கு எல், டி என ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான வடிவங்கள் உண்டு; எல்-லாக்டைடால் மட்டும் ஆன பாலிமர் படிகமாகும். படிகப் பகுதிக்குள் நீர் நுழையாது. கன்ன எலும்பு முறிவுக்கு வைத்த அத்தகைய தகடுகள், வைத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வீக்கத்தை உண்டாக்கியதையும், ஐந்து ஆண்டுகள் கடந்தும் படிகத் துணுக்குகள் எஞ்சியிருந்ததையும் நெதர்லாந்து மருத்துவர்கள் 1990-களில் பதிவுசெய்தார்கள். எலும்பில் இது தொந்தரவு; நரம்பைச் சுற்றி இது பேரிடர்.

அதே நாட்டின் குரோனிங்கன் நகரில் உருவான நரம்புக் குழாய் இந்தப் பாடத்தின் விளைவு. அவர்கள் எல், டி இரண்டையும் கலந்த லாக்டைடை எடுத்து, படிகமாவதைத் தடுத்து, கேப்ரோலாக்டோனைச் சேர்த்து வளையும் தன்மை கொடுத்தார்கள். நியூரோலாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இக்குழாய் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். நரம்பு முனை எங்கே நிற்கிறது, உள்ளே இரத்தம் உறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கலாம். ஆனால் அறை வெப்பநிலையில் விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்து இளக்கிய பிறகுதான் ஊசி நன்றாக இறங்கும். முடியைவிட மெல்லிய நைலான் நூலை நுண்ணோக்கியின் கீழ் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு, குழாய்ச் சுவரில் ஊசி வளைவதைவிட எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. மேலும், இவ்வகைக் குழாய்கள் கரையத் தொடங்கும்போது நீரை உறிஞ்சி உப்பக்கூடியவை. சுவர் உப்பினால் உள்வழி குறுகும். ஆகவே சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். மிக மெல்லியதாக இருந்தால் மூட்டருகே நசுங்கிவிடும். எலிகளில் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் சில துணுக்குகளும் அவற்றைச் சுற்றிய அழற்சியும் இருந்தன. இவ்வளவு கவனமாகத் தீட்டிய அட்டவணையும் உடலுக்குள் தாமதமாகிவிட்டது.

விறைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாலிலாக்டிக் அமிலத்தின் மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல். கேப்ரோலாக்டோனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. நரம்போ இரண்டையும்விடப் பன்மடங்கு மென்மையானது. கை நீளும்போதும் மடங்கும்போதும் அது சறுக்கி நீண்டு கொடுக்க வேண்டும். விறைத்த குழாயின் வாயில் மென்மையான நரம்பு உரசிக்கொண்டே இருந்தால் தழும்பு நிச்சயம். 2002-இல் எம்.ஐ.டி.-யில் ராபர்ட் லாங்கர் ஆய்வகத்தில் யாடோங் வாங் உருவாக்கிய பாலிகிளிசரால் செபாக்கேட் இதற்கு ஒரு விடையாக வந்தது. கிளிசராலும் செபாசிக் அமிலமும் குறுக்குப் பிணைப்போடு சேர்ந்த இந்த மீள்மத்தின் குணகம் சுமார் 0.28 மெகாபாஸ்கல், ரப்பர் போல இழுத்தால் நீண்டு திரும்பும். உப்பாமல் மேற்பரப்பிலிருந்தே படிப்படியாகக் கரைகிறது என்பது அதன் இன்னொரு நன்மை. ஆனால் எலி உடலில் இரண்டு மாதங்களில் மறைந்துவிடுகிறது. நீண்ட இடைவெளிக்கு அது போதாது.

ஒரு பண்பைத் திருத்தினால் இன்னொன்று கெடும் இந்த நிலைக்கு, ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு குடும்பத்தையே உருவாக்குவது நியாயமான பதில். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோகிம் கோன் குழு அதைத்தான் செய்தது. டைரோசின் அமினோ அமிலத்திலிருந்து பெற்ற 14 டைஃபீனால்களையும் இரு அமிலத் தொகுதிகள் கொண்ட 8 அமிலங்களையும் சேர்த்து 112 பாலிமர்களை ஒரே முறையில் தயாரித்து 1997-இல் வெளியிட்டார்கள். பக்கச் சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு இறங்குகிறது, நீர்ப்பற்று எப்படி மாறுகிறது, செல்கள் அதன்மேல் எப்படிப் பரவுகின்றன என்பதெல்லாம் அட்டவணையாகவே கிடைத்தது. இதே டைரோசின் வகைப் பாலிமரின் நார்களைப் பின்னிச் செய்த குழாய்களை நரம்புக்கும் சோதித்திருக்கிறார்கள். பின்னல் குழாய் வளைந்தாலும் மடிந்து அடைபடாது. இழைகளுக்கு நடுவே துளைகளும் கிடைக்கும். ஒரு நல்ல பொருளைத் தேடி அலைவதைவிட இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

துளைகள் ஏன் வேண்டும் என்பதற்கு 2015-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆலிசன் லாய்டின் குழு அழகான காரணம் கண்டது. பாலத்துக்குள் ஆக்சிஜன் குறைவதை முதலில் உணர்வது, சிதைவுகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள். அவை சமிக்ஞை கொடுத்து இரத்த நாளங்களை உள்ளே வரவழைக்கின்றன. ஷ்வான் செல்கள் அந்த நாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் இடைவெளியைக் கடக்கின்றன. அழற்சியே கூடாது என்று மேக்ரோஃபேஜ்களை முற்றிலும் விரட்டும் பாலிமர், அறியாமலே வழிகாட்டியை விரட்டிவிடும்.

குழாயைவிடக் குழாயின் உள்ளே வைப்பதுதான் அடுத்த கட்டம். ஆக்ஸானின் முனையும் ஷ்வான் செல்லும் தாம் தொடும் பரப்பின் வடிவத்தை உணரக்கூடியவை. ஒரே திசையில் கிடக்கும் மெல்லிய நார்களைக் கண்டால் அவற்றின் வழியே ஓடும். உயர் மின்னழுத்தத்தில் பாலிமர்க் கரைசலை நூலாக இழுத்து, வேகமாகச் சுழலும் உருளையில் சுற்றினால் இத்தகைய நார்த்தாள் கிடைக்கிறது. ஜார்ஜியா டெக்கில் ரவி பெல்லம்கொண்டாவின் குழு 2008-இல் அக்ரிலோநைட்ரைல் வகைப் பாலிமரின் நார்த்தாள்களைக் குழாய்க்குள் அடுக்கி, எலியில் 17 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தது. அதே பாலிமர், அதே நார். ஒன்றில் நார்கள் நீளவாக்கில், மற்றொன்றில் தாறுமாறாக. நீளவாக்கில் இருந்ததில் நரம்பு கடந்தது, மற்றதில் இல்லை. புரதமோ செல்லோ வெளியிலிருந்து சேர்க்கவில்லை. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனெனில் வேதியியலை மாறாமல் வைத்து வடிவத்தை மட்டும் மாற்றிக் காட்டியது. அந்தப் பாலிமர் கரையாதது என்பதால் அப்படியே மருத்துவத்துக்கு வராது. ஆனால் கொள்கை நிற்கிறது.

வளர்ச்சிக் காரணிகளைச் சேர்ப்பது பலரும் முதலில் நினைக்கும் வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: காரணி ஓரிடத்தில் அதிகமாகச் செறிந்தால் ஆக்ஸான்கள் அங்கேயே சுருண்டு தங்கிவிடும், மிட்டாய்க்கடை விளைவு என்று துறையில் இதைக் கிண்டலாகச் சொல்வார்கள். பிட்ஸ்பர்கில் கேசி மாராவின் குழு கேப்ரோலாக்டோன் குழாயின் சுவருக்குள், இரட்டைச் சுவர் கொண்ட நுண்ணுருண்டைகளில் ஜி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிக் காரணியை அடைத்து, மெதுவாகக் கசியுமாறு செய்தது. 2020-இல் வெளியான முடிவின்படி, ரீசஸ் குரங்குகளின் முன்கை நடுவே ஓடும் மீடியன் நரம்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளியை அக்குழாய் கடக்க உதவியது. ஓராண்டில் கைப்பிடித் திறனில் ஏறத்தாழ 80 சதவீதம் திரும்பியது. குரங்கில், அதுவும் 5 சென்டிமீட்டரில் கிடைத்த இந்த விளைவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மின்கடத்தும் பாலிமர்கள் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. 1997-இல் கிறிஸ்டீன் ஷ்மிட் பாலிபிர்ரோல் படலத்தில் வளர்த்த செல்களுக்கு 100 மில்லிவோல்ட் கொடுத்தபோது அவற்றின் இழைநீளம் ஏறத்தாழ இரட்டிப்பானது. அதன்பின் கட்டுரைகள் குவிந்தன. ஆனால் பாலிபிர்ரோல் நொறுங்கும், எளிதில் கரையாது. அறுவை மேசையிலேயே நரம்பின் மேல்முனைக்கு 20 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் மின்தூண்டல் கொடுத்தால் ஆக்ஸான் முளைப்பு விரைவுபடுகிறது என்று டெஸா கார்டனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குச் சாதாரண கம்பி போதும். மின்முனைகளுக்குப் பூச்சாக இவ்வகைப் பாலிமர்களுக்கு நல்ல இடம் உண்டு, குழாயாக, இல்லை.

குழாயே இல்லாத ஒரு பாலிமர் உத்தியும் இருக்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சவ்வுகளைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சி, அருகருகே இருக்கும் இரு சவ்வுகளை ஒட்டவைத்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பிட்னர் பல பத்தாண்டுகளாக வளர்த்த முறையில், அறுந்த முனைகளைக் கால்சியம் இல்லாத கரைசலில் கழுவி, தைத்து, இந்தப் பாலிமரின் செறிந்த கரைசலை ஓரிரு நிமிடங்கள் ஊற்றுகிறார்கள். பொருந்திய ஆக்ஸான்கள் அங்கேயே இணைந்துவிட்டால் வாலர் சிதைவே நடக்காது. நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கையே தாண்டிவிடலாம். எலிகளில் விளைவு வியப்பளிக்கிறது. மனிதரில் சில விரல் நரம்புகளோடு தொடங்கியிருக்கிறார்கள். சிதைவு தொடங்கும் முன் நோயாளி மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும் என்பது இதன் இயல்பான வரம்பு.

தண்டுவடம் வேறு உலகம். அங்கே ஆக்ஸான் வளராமல் இருப்பதற்கு வழியின்மை மட்டும் காரணமில்லை. மயலினிலும் தழும்பிலும் உள்ள மூலக்கூறுகள் வளர்ச்சியைத் தடுக்கின்றன. லாங்கர் ஆய்வகத்தின் தொடர்ச்சியாக வந்த, லாக்டிக்-கிளைக்காலிக் பாலிமரோடு பாலிலைசின் இணைத்த நுண்துளைச் சட்டகம் 2014-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் முதன்முதலாக ஒருவரின் தண்டுவடத்தில் வைக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத முதல் சோதனையில் ஆறு மாதங்களை எட்டிய 16 பேரில் 7 பேர் தண்டுவடப் பாதிப்பின் அளவுகோலில் ஒரு படியாவது முன்னேறினர், எல்லோரும் மகிழ்ந்தார்கள். பின்னர் 20 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனை, 2023-இல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தச் சட்டகத்தைத் தயாரித்த நிறுவனம் திவாலானது. தானாகவே முன்னேறும் நோயாளிகள் எத்தனை பேர் என்பதை அறியாமல் ஒரு பொருளுக்குப் பெருமை கொடுப்பது எவ்வளவு எளிது என்று இது காட்டுகிறது. சாமுவேல் ஸ்டப் குழு 2021-இல் வெளியிட்ட, வேகமாக அசையும் பெப்டைடு இழைகளை ஊசிமூலம் செலுத்தி முடங்கிய எலிகளை நடக்கவைத்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. அதையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

நீங்கள் இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கும்போது மூன்றைப் பாருங்கள். எலியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், வெற்று சிலிக்கோன் குழாயே அதைக் கடக்கும் என்பதை நினைவில் கொண்டு, 15-ஐத் தாண்டிய சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பீடு வெற்றுக் குழாயோடா, சொந்த நரம்பு ஒட்டோடா என்று பாருங்கள். முந்தையதை வெல்வது பெரிதல்ல. மூன்றாவதாக, பாலிமரை எப்படிக் கிருமிநீக்கம் செய்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். காமா கதிர் எஸ்டர் சங்கிலிகளை அறுத்து மூலக்கூறு எடையைக் குறைத்துவிடும். நீராவி இவற்றுக்கு ஆகாது. எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் எஞ்சிய வாயுவை நீக்கியாக வேண்டும். ஆய்வகத்தில் மதுசாரத்தில் முக்கி எடுத்த குழாயும், கிருமிநீக்கி ஈரம் புகாத உறையில் அடைத்து ஓராண்டு கழித்துப் பிரிக்கப்படும் குழாயும் ஒரே அட்டவணைப்படி கரையாது. நோயாளிக்குப் போவது இரண்டாவதுதான்.